நின்றபடியே ஸ்ரீரங்கம் வந்த பந்தக்கால்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பந்தல் அம்மாசியின் கிடங்கு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பூக்காரி சொல்லுவாள், ஆட்டோக்காரர் சொல்லுவார், ஒருவரும் சொல்லவில்லை என்றால் அம்மாசியே வந்து சொல்லுவார். பக்கத்து டீக்கடையில்தான் இருப்பார். அறுபத்தெட்டு வயது. வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, இடுப்பில் ஒரு சணல் கயிற்றுச் சுருள். கல்யாணத்துக்குச் சாப்பிடப் போனாலும் அந்தக் கயிறு கூடவே போகும். போன இடத்தில் எவன் போட்ட பந்தலாவது தளர்ந்திருந்தால், ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார்.

முசிறிப் பக்கத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பதினொரு வயதில் வாழைத்தார் ஏற்றிய லாரியில் தாரோடு தாராகத் திருச்சிக்கு வந்து இறங்கினார். கீற்று சுமந்தார், குழி தோண்டினார், பதினேழு வயதில் பந்தல் முகட்டில் ஏறினார். அதற்கப்புறம் அவரைக் கீழே இறக்க ஒருவராலும் முடியவில்லை. எழுத்து வராது, கையெழுத்து மட்டும் வரும். அளக்க டேப் பிடிக்க மாட்டார். இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம் என்பார். ஐந்நூறு பேர் உட்கார எத்தனை பாகம் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இன்ஜினியர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொண்டுவந்தாலும் அதேதான் வரும். வராவிட்டால் இன்ஜினியர் திரும்பப் போடவேண்டியதுதான்.

கும்பாபிஷேகமோ காதுகுத்தோ கட்சி மாநாடோ, ஐம்பது வருஷத்தில் அவர் போட்ட பந்தல் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. இதைப் பிறர் வாயால் கேட்கலாம் என்று காத்திருக்கிற ஆள் இல்லை அவர். துணியில் எழுதி ஒவ்வொரு பந்தல் வாசலிலும் தொங்கவிட்டுவிடுவார். 'ஆடிக் காற்றில் அம்மி பறக்கும், அம்மாசி பந்தல் பறக்காது.' எழுத்து பெயிண்டருடையது. வாசகம் அம்மாசியுடையது.

"நீங்க தும்முனாக்கூட அதுக்கு ஒரு பேனர் கட்டுவீங்க" என்பாள் அவர் மனைவி பவுனம்மாள்.

"கட்டுவேன். என் தும்மல் அப்படி" என்பார் அம்மாசி.

இந்தக் கார்த்திகையில் ரெங்கராஜ் வீட்டுக் கல்யாணம் வந்தது. ரெங்கராஜுக்குப் பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை, ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் வீடு. ஒரே மகள் யாழினி. மாப்பிள்ளை வீட்டார் சென்னைக்காரர்கள், கல்யாணத்தைக் கடற்கரையில் வைக்க ஆசைப்பட்டார்கள். தரங்கம்பாடிக்குத் தெற்கே கடலை ஒட்டி ஒரு ரிசார்ட்டைப் பிடித்தார்கள். ஓலை வேய்ந்த குடில்கள், நடுவில் நீச்சல்குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் கடல். குளமும் கடலும் பக்கத்துப் பக்கத்தில் எதற்கு என்று அம்மாசிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பந்தல் வேலை அவருக்குத்தான் வந்தது.

"கடலோரத்துல நாம இதுவரைக்கும் போட்டதில்லையே மாமா" என்றான் முருகானந்தம். அக்கா மகன், நாற்பத்தைந்து வயது, இருபது வருஷமாக அவருக்கு வலதுகை.

"அதுவும் தண்ணிதான், காவேரியும் தண்ணிதான். போடுறா."

முதலில் பந்தக்கால். அது பெண் வீட்டு வாசலில் ஊன்றுவதுதான் வழக்கம். ரெங்கராஜின் அக்கா ராசாத்தியும் அப்படித்தான் கேட்டார். ராசாத்தி லால்குடியில் வாழ்க்கைப்பட்டவர். அறுபது வயதிலும் வயலில் இறங்கி வேலை வாங்குகிறவர். யாழினிக்கு நாலு வயதில் தாய் போனபிறகு அந்தப் பெண்ணை அள்ளி எடுத்து வளர்த்ததும் அவர்தான்.

"அண்ணே, காலை நம்ம வீட்டு வாசல்லயே ஊனிடலாமா?"

அம்மாசி தொண்டையைச் செருமினார். "கல்யாணம் எங்க நடக்குதோ அங்கதாம்மா கால் நிக்கணும். ஊனிட்டா, தாலி ஏறுற வரைக்கும் அதைப் பிடுங்கக்கூடாது, சாய்க்கக்கூடாது, வீட்டு ஆளுங்க அந்த எல்லையத் தாண்டக்கூடாது. அம்மாசி சொன்னா சாஸ்திரம் சொன்ன மாதிரி."

ராசாத்தி தலையாட்டிவிட்டார். சாய்க்கக்கூடாது என்ற சொல் மட்டும் அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. அதற்குக் காரணம் உண்டு. அவருடைய கல்யாணத்தின்போது, தாலி கட்டுவதற்கு முதல் நாள், கரும்பு ஏற்றிய வண்டி திரும்பும்போது மோதிப் பந்தக்கால் விழுந்துவிட்டது. யாரோ ஓடிவந்து நிமிர்த்தி வைத்தார்கள். அடுத்த வருஷமே வயலில் பாம்பு தீண்டி அவர் கணவர் போய்விட்டார். ராசாத்தி இதை வாய்விட்டுச் சொல்லுவதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் தெரியாதவர்கள் இல்லை.

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், ரிசார்ட்டின் மணல் வாசலில், ஏழு முழப் பச்சை மூங்கிலை ஊன்றினார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து, பால் ஊற்றினார்கள். ரெங்கராஜ் வீட்டார் இருபத்துமூன்று பேரும் வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். பின்னால் நீலக் கடல், முன்னால் மஞ்சள் கால், பக்கத்தில் அம்மாசியின் பேனர். போட்டோக்காரர் எடுத்த படம் கண்ணைப் பறித்தது. மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

வியாழக்கிழமை மத்தியானம் ரிசார்ட் மேனேஜர் பெலிண்டா அம்மாசியைத் தேடிக்கொண்டு வந்தாள். திருச்சி பாலக்கரைப் பெண். சொந்த ஊர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று மூன்று நாளாக விழுந்து விழுந்து கவனித்தவள்.

"அங்கிள், புயல் வலுவாயிடுச்சாம். நாளைக்கு ராத்திரி நம்ம பக்கம்தான் கரையைக் கடக்குதாம். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள எல்லாரும் காலி பண்ணணும்னு தாசில்தார் ஆபீஸ்லேருந்து சொல்லிட்டாங்க."

"டிவிக்காரனுக்குப் புயல் வந்தாத்தாம்மா தீபாவளி. அந்தக் காத்தை என் பந்தலுக்கு மேல வந்து நிக்கச் சொல்லு, பாத்துக்குறேன்."

"காத்து நிக்காது அங்கிள். அதான் பிரச்சனை."

வாய் அப்படிப் பேசியதே தவிர, கால் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாக நடந்தார். மீனவர்கள் படகுகளை மணலில் இழுத்துச் சவுக்குத் தோப்புக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் தன் படகை மரத்தோடு கட்டிக்கொண்டிருந்தார். கயிறு என்றால் அம்மாசிக்குக் கை துறுதுறுக்கும். நின்று பார்த்தார். முடிச்சு பழுதில்லை. ஆனால் வடக்கே ரெண்டு கயிறு, தெற்கே ரெண்டு கயிறு.

"காத்து வடக்கேருந்துதானே வருது? தெக்க எதுக்குக் கயிறை வீணாக்குறீங்க?"

தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு?"

"திருச்சி. அம்மாசின்னா தெரியும்."

"எனக்குத் தெரியலியே. இப்ப வடக்கேருந்துதான் அடிக்கும். புயலோட நடு மையம் வந்தா கொஞ்ச நேரம் ஒரு எலை அசையாது. பொழச்சோம்டான்னு அப்ப வெளிய வர்றவன்தான் மொதல்ல போவான். அதுக்கப்புறம் தெக்கேருந்து பிடுங்கும். ஒரு பக்கத்துக் கயிறை நம்பி நின்னதெல்லாம் அந்த நேரம் பறந்துடும்."

அம்மாசி திரும்பி வந்து தன் பந்தலைப் பார்த்தார். வடக்குப் பக்கம் பதினெட்டு இழுவைக் கயிறு. தெற்கே பேருக்கு நாலு. ஆடிக் காற்று ஒரே பக்கமாக அடிக்கிற காற்று. அதை எதிர்த்து நிற்கக் கற்ற பந்தல் அது. திரும்பி நின்று அடிக்கிற காற்றை அவர் தன் வயதில் கண்டதில்லை. தன் முடிச்சின்மேல் தனக்கே சந்தேகம் வருவது எப்படியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரெங்கராஜின் குடில் கதவைத் தட்டினார்.

"தம்பி, எல்லாரையும் வேன்ல ஏத்துங்க. ஊருக்குப் போயிடலாம். மாப்பிள்ளை வீட்டுக்கும் போன் போட்டு ஸ்ரீரங்கம் வரச் சொல்லிடுங்க."

ரெங்கராஜுக்கு முகத்தில் உயிர் வந்தது. அவரும் அதற்குத்தான் காத்திருந்தார். ஆனால் ராசாத்தி வாசலில், பந்தக்கால் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கல்லாம் போங்க. நான் வரல."

"அக்கா, புயல்க்கா!"

"காலை ஊனியாச்சு. அதை விட்டுட்டுப் போறதுக்கும் தள்ளிவிடுறதுக்கும் என்னடா வித்தியாசம்? விழுந்தா, பக்கத்துல நின்னு பிடிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

அக்கா வராமல் நான் எப்படி வருவேன் என்றார் ரெங்கராஜ். அத்தை வராமல் நான் வண்டியில் ஏறமாட்டேன் என்று யாழினி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் சொந்தக்காரர்கள் பெட்டிகளைக் கீழே வைத்தார்கள். மணி எட்டு. கடல் இரைச்சல் பேச்சை விழுங்க ஆரம்பித்திருந்தது.

அம்மாசி முன்னால் வந்தார். "தங்கச்சி, ஆபத்துக்குப் பாவமில்ல. காலைப் பிடுங்கிட்டுப் போயி அங்க வேற கால் ஊனிக்கலாம். தப்பில்ல."

"அன்னிக்கு ஒரு சாஸ்திரம், இன்னிக்கு ஒரு சாஸ்திரமாண்ணே? பிடுங்கக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

சுற்றி நின்ற இருபத்திரண்டு பேரும் அம்மாசியைப் பார்த்தார்கள். தன் வாயால் கட்டிய முடிச்சு. அதைத் தானே அவிழ்க்காவிட்டால் இந்தப் பெண்மணி இங்கேயே இருப்பார், இவரோடு இத்தனை பேரும் இருப்பார்கள், ராத்திரி கடல் வரும். அம்மாசி கீழே உட்கார்ந்து காலின் அடியில் மணலைக் கையால் பறித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்க வயல்ல நாத்தங்கால் விடுறீங்க. அங்கயே நெல்லு வெளையுதா?"

"அதெப்படி வெளையும்? பறிச்சு நடணும்."

"நாத்தைப் பறிச்சீங்கன்னா பயிரை அழிச்சுட்டீங்கன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

ராசாத்தி யோசித்தார். "சொல்லமாட்டாங்க. ஆனா நாத்து கட்டுக்கட்டாப் படுத்துக்கிட்டுல்ல போவும்ணே?"

"இது படுக்காது. மண்ணோட எடுக்குறேன். நின்ன வாக்குல இங்கேருந்து ஸ்ரீரங்கம் வந்து சேரும்."

"அத்தனை தூரமா?"

"அத்தனை தூரமும்."

ராசாத்தி எழுந்தார். "ஒரு விரக்கடை சாஞ்சாலும் அந்த எடத்துலயே நான் எறங்கிடுவேன். கூடவே பிடிச்சுக்கிட்டு நானும் வருவேன். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி வண்டி உருளணும்."

அடுத்த ரெண்டு மணி நேரம் அம்மாசி வேலை செய்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கடற்கரை மணல் பிடிமானம் இல்லாதது. தோண்டினால் சரியும். தண்ணீர் வைக்கிற நீல டிரம் ஒன்றை வாங்கி, அடிப்பாகத்தை அறுத்து எறிந்தார். ஏணியில் ரெண்டு பேரை ஏற்றி, மூங்கிலின் தலைவழியாக டிரம்மை, ஒரு மாவிலை கசங்காமல், வளையல் போடுகிற மாதிரி கீழே இறக்கினார். மணலை ஈரமாக்கிக் கெட்டித்து, டிரம்மை மண்ணுக்குள் அழுத்தி, வெளியே சுற்றிலும் தோண்டி, அடியில் ஒரு தகரத்தைச் செருகினார். மண்ணும் காலும் டிரம்மும் ஒரே பொருளாயின. எட்டு பேர் தூக்கினார்கள். ராசாத்தி ரெண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்தபடி கூடவே நடந்தார். முருகானந்தம் கொண்டுவந்திருந்த குட்டியானை என்கிற சின்ன லாரியின் பின்பக்கத்தில் நிற்கவைத்து, மூங்கிலிலிருந்து நாலு மூலைக்கும் கயிறு இழுத்தார். இம்முறை நாலு பக்கமும் சமமாக.

"மாமா, பந்தல்?" என்றான் முருகானந்தம். பொருள் ஏற்ற விடியற்காலையில் கூப்பிட்ட பெரிய லாரி சாயங்காலம்தான் வருவதாக இருந்தது. இனி அது இந்தப் பக்கம் வரப்போவதில்லை.

அம்மாசி திரும்பிப் பார்க்கவில்லை. "துணியை மட்டும் அவுத்துடு. காத்துக்கு வழி விடு. குழாயெல்லாம் நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்."

"சாஞ்சுடும் மாமா."

"தெரியும்டா. வண்டிய எடு."

பத்து இருபதுக்கு வண்டி உருண்டது. முன்னால் வேனில் சொந்தக்காரர்கள். பின்னால் குட்டியானை, முருகானந்தம் ஓட்ட, மாட்டுவண்டி வேகம். பெலிண்டா கேட்டைப் பூட்டிவிட்டுத் தன் ஆட்களோடு கடைசியாகக் கிளம்பினாள். தாண்டிப் போகும்போது ஜன்னலைத் திறந்து, "அங்கிள், உங்களை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல!" என்று கத்தினாள். அம்மாசிக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

மயிலாடுதுறையில் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள், மஞ்சளும் மாவிலையுமாக நிமிர்ந்து வருகிற காலைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். எந்தக் கோயில் என்று ஒருத்தி கேட்டாள். "ரெங்கராஜ் வீட்டுக் கோயில்" என்றார் அம்மாசி. கும்பகோணத்துக்கு முன்னால் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

"என்னய்யா இது?"

"கல்யாணம் சார். ஊர் மாறிப் போவுது."

அவர் மேலும் கீழும் பார்த்தார். நனைந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்து மூங்கிலைப் பிடித்திருக்கும் ராசாத்தியைப் பார்த்தார். "அம்மா, நீங்களாவது முன்னாடி சீட்ல உக்காரலாம்ல?"

"சீட்டுல உக்காந்தா இதை யாரு பிடிப்பா? நீங்க பிடிக்கிறீங்களா தம்பி?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டு வழி விட்டார். ஊருக்குள் தாழத் தொங்கிய கேபிள் ஒயர்களை அம்மாசி ஒரு கவைக்கம்பால் தூக்கித் தூக்கிவிட்டார். ராஜா ஊர்வலம் போனால்கூட அப்படிக் கவனமாகப் போயிருக்காது.

பாபநாசம் தாண்டியதும் வடகாற்று ஒன்று குறுக்கே அடித்தது. வயல்வெளி, தடுக்க ஒன்றுமில்லை. வண்டி ஆடியது. மூங்கில் வளைந்தது. ஒரு கயிறு பட்டென்று தளர்ந்தது. ராசாத்தி எழுந்து மூங்கிலை மார்போடு அணைத்துக்கொண்டார். அம்மாசி தளர்ந்த பக்கம் பாய்ந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு டிரம்மில் காலை உதைத்துச் சாய்ந்து நின்றார். உள்ளங்கை எரிந்தது. விடவில்லை. காற்று ஓய்ந்தபோது மூங்கில் நேராக இருந்தது. கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார், ஒன்றுக்கு மூன்று முடிச்சாக.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றார். "கல்யாணம் நடக்குற எடத்துலதான் ஊனணும்னு சொன்னேன்ல. அது சாஸ்திரமில்ல. கடலுக்கு முன்னாடி என் பந்தலையும் காலையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துக் கிடங்குல மாட்டணும்னு ஆசை. அதுக்காகச் சொன்னேன். உங்க வாசல்லயே ஊனியிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல."

ராசாத்தி முகத்தில் வழிந்த மழையை முந்தானையால் துடைத்தார்.

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"காலுக்குப் பால் ஊத்துறதுக்கு முன்னாடி உங்க பேனரைக் கட்டுனீங்களே, அப்பவே தெரியும்."

முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த முருகானந்தத்துக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும், அவன் தோள் குலுங்கியது.

"தெரிஞ்சுமா சரின்னீங்க?" என்றார் அம்மாசி.

"அம்புட்டு ஆசையாச் சொன்னீங்க. இருந்துட்டுப் போவுதுன்னு விட்டேன்." மூங்கிலில் கலைந்த மாவிலையைச் சரிசெய்தபடி சொன்னார். "எனக்கு அன்னிக்கு ஒரு ஆளு இப்படிக் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருந்தா நல்லாருந்திருக்கும்."

தஞ்சாவூர் வரை அம்மாசி அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தபடியே வந்தார்.

சாயங்காலம் நாலரை மணிக்குக் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் வந்தார்கள். தெருவே வாசலில் நின்றது. காலை இறக்கப் போகும்போதுதான் சங்கதி தெரிந்தது. ரெங்கராஜ் மகள் கல்யாணத்துக்கென்று போன மாதம்தான் வாசல் முழுக்கச் சிமெண்ட் கல் பதித்திருந்தார். ஊன்றுவதற்கு ஒரு சாண் மண் இல்லை.

"டிரம்லயே இருக்கட்டுமே அக்கா. அழகாத்தானே இருக்கு" என்றார் ரெங்கராஜ், புதுக்கல்லைப் பார்த்தபடி.

"நாத்தைக் கூடையிலயே வெச்சிருந்தா வெளையுமாடா?"

ரெங்கராஜ் ஒரு பெருமூச்சு விட்டார். கடப்பாறையை வாங்கினார். எட்டுக் கல்லைத் தானே பெயர்த்தார். மண் வெளியே வந்தது, காவேரிக் கரை மண், கறுப்பாக. டிரம்மோடு குழிக்குள் இறக்கி, டிரம்மை மேல்வழியாக உருவி எடுத்தார்கள். அம்மாசி நேர் பார்க்கும் தூக்குக்குண்டை விட்டுக் காட்டினார். ராசாத்தி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சரியா இருக்கு" என்றார்.

அந்தச் சொல் வந்த பிறகுதான் யாழினி ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இனிப் பந்தல் வேண்டும். அம்மாசியின் குழாய், கம்பம், மேடை எல்லாம் கடலோரத்தில். கேட்கவேண்டுமென்றால் பீமராவிடம்தான் கேட்கவேண்டும். அவரும் திருச்சியில் பந்தல் போடுகிறவர்தான். முப்பது வருஷமாக எதிரும் புதிரும். அவருடைய பந்தலைக் குடை என்று அம்மாசி சொல்லுவார். அம்மாசியின் வாயைத் தகரக்கொட்டகை என்று அவர் சொல்லுவார்.

"அவங்கிட்டயா? நான் செத்தாலும் போவமாட்டேன்" என்றார் அம்மாசி.

"நீங்க போவவேணாம். முருகானந்தம் போன்ல சொன்னதும் நான் மத்தியானமே போயிட்டு வந்துட்டேன்" என்றாள் பவுனம்மாள். "பொருள் காலையில வரும். பீமராவு அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அம்மாசி உசுரோட வந்து சேந்துருவானான்னு."

அம்மாசி சூடான காபியை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொத்துப்போனதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கொட்டுகிற மழையில் பெலிண்டாவின் போன் வந்தது. அவள் மயிலாடுதுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊழியர்களோடு தங்கியிருந்தாள். ரிசார்ட்டில் ஓலைக்குடில் ஒன்று பாக்கியில்லை. கடல் நீச்சல்குளம் வரை வந்துவிட்டது. ஆட்கள் அத்தனை பேரும் சுகம்.

"அங்கிள், உங்க பந்தல்..."

"விழுந்துடுச்சா?"

"முதல் காத்துக்கு நின்னுச்சாம் அங்கிள். படகுக்காரங்க புயல் பாதுகாப்புக் கட்டடத்து ஜன்னல்லேருந்து மின்னல் வெளிச்சத்துல பாத்திருக்காங்க. திரும்பி அடிச்சப்பதான் விழுந்துச்சாம்."

அம்மாசி போனை வைத்தார். முருகானந்தத்தைக் கூப்பிட்டார். "கேட்டியா? முதல் காத்துக்கு நின்னுச்சாம்" என்றார். அன்று மத்தியானத்துக்குள் இதை நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். விழுந்ததையும் சேர்த்தேதான் சொன்னார். அதை ஒளிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பீமராவின் பந்தலில், அம்மாசியின் முடிச்சுகளோடு கல்யாணம் நடந்தது. கடற்கரைக் கல்யாணம் போச்சே என்று வந்த மாப்பிள்ளை வீட்டார், வாசலில் காலைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ராசாத்தி மணமேடைக்கு வரவில்லை. யாழினி மூன்று முறை ஆள் அனுப்பினாள். காலைத் தொட்டபடி வாசலிலேயே நின்றார். மறுபக்கம் அம்மாசி, கட்டுப்போட்ட உள்ளங்கையோடு.

கெட்டிமேளம் முழங்கியது. உள்ளே குலவை எழுந்தது. தாலி ஏறிவிட்டது என்று முருகானந்தம் கையை உயர்த்திக் காட்டினான்.

ராசாத்தி கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். மூங்கிலிலிருந்து கையை எடுத்தார். மஞ்சள் ஒட்டிய அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் அம்மாசி இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார்.

"விடுங்கண்ணே. இனிமே விழுந்தாலும் பரவாயில்ல. மொதப் பந்தியில நமக்கு எடம் போட்டிருக்காங்க. வாங்க, பசிக்குது."